555 ஐசியில் மோகனம்: ஆறு பட்டன் வாத்தியம் செய்ய முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக்ஸ் பழக வருகிறவர்களை முதல் நாளே 555 என்ற ஐசியை (ஒரு சர்க்யூட்டே அடங்கிய சின்னச் சில்லு) வைத்து ஓர் எல்இடியை மின்ன விடச் சொல்லி உட்கார வைப்பார்கள். மின்னும். பத்து நிமிடம் வேடிக்கை பார்ப்போம். அதன் பிறகு அந்தச் சர்க்யூட் டப்பாவுக்குள் போய்ச் சேரும், திரும்ப வெளியே வராது. அதே ஐசியை வைத்துக்கொண்டு கையில் எடுத்து வாசிக்கிற மாதிரி ஒன்றைச் செய்து பாருங்கள், அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் ஒரு தரமாவது அழுத்திப் பார்ப்பார்கள். இங்கே செய்யப்போவது அப்படி ஒன்று: 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற, ஆறு பட்டன் உள்ள ஒரு சின்னப் பெட்டி. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் மேல் ஸட்ஜமும் அதில் பேசும். கை நிழலால் சுரத்தை அசைக்கவும் ஒரு வழி வைக்கலாம்.

புரோகிராமிங் எதுவும் கிடையாது. மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் இதையே சில வரிகளில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதில் சுரம் எங்கிருந்து பிறக்கிறது என்பது கண்ணில் படாது. இதில் ஒவ்வொரு சுரமும் ஒரு ரெசிஸ்டராக (மின்சாரத்தைத் தடுத்து மட்டுப்படுத்தும் பாகம்) கண் முன்னால் நிற்கும்.

555 உள்ளே என்ன நடக்கிறது

ஹான்ஸ் கேமன்சிண்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1971-ல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக இந்த ஐசியை வடிவமைத்தார். 1972-ல் சந்தைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் இன்னும் தயாராகிக்கொண்டே இருக்கிறது என்றால், அதன் உள்ளமைப்பில் இருக்கும் ஒரு புத்திசாலித்தனம்தான் காரணம் என்பேன்.

உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று, ஒன்றன் கீழ் ஒன்றாக, பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து மைனஸ் வரை நிற்கின்றன. மூன்றும் சமம் என்பதால் மின்னழுத்தம் மூன்று சம பங்காகப் பிரிகிறது. 9 வோல்ட் கொடுத்தால் ஒரு முனையில் 3 வோல்ட், இன்னொன்றில் 6 வோல்ட். வெளியே நாம் வைக்கும் கபாசிட்டரை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி 7-ம் காலைத் திறந்து வடிய விடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் அடைத்துவிடும், மறுபடி நிரம்பும். நிரம்பும்போது 3-ம் கால் உயரத்தில் இருக்கும், வடியும்போது கீழே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஒலி.

இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், '6 வோல்ட் வந்ததும்' என்று ஐசி எங்கேயும் அளப்பதில்லை, 'மூன்றில் இரண்டு பங்கு வந்ததும்' என்றுதான் அளக்கிறது. பேட்டரி தேய்ந்து 7 வோல்ட்டுக்கு வந்தாலும் நிரம்பும் வேகமும் குறையும், எல்லைகளும் அதே விகிதத்தில் இறங்கும். ஆகவே சுருதி அப்படியே நிற்கும், சத்தம் மட்டும்தான் தணியும். ஒரு வாத்தியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒலியின் அதிர்வெண்ணுக்கான கணக்கு இது. 8-ம் காலுக்கும் 7-ம் காலுக்கும் இடையே வருவதை 'மேல் ரெசிஸ்டர்' என்போம், 7-க்கும் 6-க்கும் இடையே வருவதைக் 'கீழ் ரெசிஸ்டர்' என்போம். ரெசிஸ்டரைக் கிலோ ஓமிலும் கபாசிட்டரை மைக்ரோஃபாரடிலும் போட்டால்:

அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) = 1440 ÷ ((மேல் + 2 × கீழ்) × கபாசிட்டர்)

கீழ் ரெசிஸ்டர் ஏன் இரண்டு மடங்கு? நிரம்பும்போது மின்சாரம் மேல், கீழ் இரண்டையும் தாண்டி வருகிறது. வடியும்போது கீழ் ரெசிஸ்டர் வழியாக மட்டும் போகிறது. ஆகக் கீழ் ரெசிஸ்டருக்கு இரண்டு முறை வேலை.

தேவையானவை

என்இ555 ஐசி ஒன்று. எல்எம்555 என்றாலும் சரி. டிஎல்சி555, எல்எம்சி555 போன்றவை சீமாஸ் (CMOS) வகை. பேட்டரியை மிச்சப்படுத்தும், ஆனால் ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி அவற்றுக்குக் குறைவு, இந்த வேலைக்கு வேண்டாம்.

ரெசிஸ்டர்களில் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையையே வாங்குங்கள். 1, 1.8, 2.4, 2.7, 3, 3.6, 13, 68 கிலோ ஓம் ஒவ்வொன்று. எல்இடிக்குத் தனியாக இன்னொரு 1 கிலோ ஓம், பின்னால் எல்டிஆருக்கு (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) ஒரு 10 கிலோ ஓம், ஸ்பீக்கருக்கு ஒரு 100 ஓம். 13, 3.6, 2.4 எல்லாம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 12-ம் 1-ம் தொடராகப் போட்டால் 13, இரண்டு 1.8 சேர்த்தால் 3.6, இரண்டு 1.2 சேர்த்தால் 2.4, 1.8-ம் 1.2-ம் சேர்த்தால் 3.

கபாசிட்டரில் 0.1 மைக்ரோஃபாரட் இரண்டு (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்), 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று (103), 10 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று, 100 மைக்ரோஃபாரட் இரண்டு. சுருதியைத் தீர்மானிக்கும் 0.1 மட்டும் பாலியஸ்டர் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் வட்டுகளை விரலால் பிடித்தாலே அந்தச் சூட்டில் சுருதி நகர்வதைக் காதால் கேட்கலாம். பேட்டரிக்குக் குறுக்கே போடும் மற்ற 0.1-க்குச் செராமிக் போதும்.

இவை தவிர 8 ஓம் ஸ்பீக்கர், ஒரு எல்இடி, ஒரு எல்டிஆர், நாலு கால் புஷ் பட்டன் ஆறு, பிரெட்போர்டு (சால்டரிங் இல்லாமல் குத்தி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர், பேட்டரி கிளிப், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஐந்து வளையமுள்ள 1 சதவீத ரெசிஸ்டரில் பழுப்பு எது, சிவப்பு எது என்று விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பிரிப்பது வீண் வேலை. 2.7 கிலோ ஓம் என்றால் சிவப்பு, ஊதா, கருப்பு, பழுப்பு, பழுப்பு என்று வரும். எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். அளந்துவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குத்தி, பக்கத்தில் மதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் எந்த இணைப்பும் இந்த வேலைக்குள் வரக் கூடாது. பேட்டரி மட்டும். அந்த 9 வோல்ட் பேட்டரியையும் சாவி, ஆணி கிடக்கும் டப்பாவுக்குள் போடாதீர்கள். இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் உலோகம் பட்டு ஷார்ட் ஆகிச் சூடேறும்.

படி 1: முதலில் மின்னட்டும்

எல்இடியைக் கிண்டல் செய்துவிட்டு அதிலேயே ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் சர்க்யூட் ஓடுவதைப் பார்த்துவிட்டால், பிறகு ஒலி வராவிட்டாலும் கோளாறு ஸ்பீக்கர் பக்கமா ஐசி பக்கமா என்று உடனே சொல்லிவிடலாம்.

பிரெட்போர்டின் நடுப் பள்ளத்தின் இரு பக்கமும் நாலு நாலு கால் இறங்கும்படி ஐசியைக் குத்துங்கள். வெட்டுக்குறி மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலை 1-ம் கால். இடப்பக்கம் கீழே இறங்கி 4 வரை, அங்கிருந்து வலப்பக்கம் ஏறி 8 வரை. 8-ம் கால் 1-க்கு நேர் எதிரே இருக்கும்.

1-ம் காலை மைனஸுக்கும் 8-ம் காலை ப்ளஸுக்கும் கொடுங்கள். 4-ம் கால் ரீசெட், அதையும் ப்ளஸில் கட்டுங்கள், தொங்க விடாதீர்கள். 2-ஐயும் 6-ஐயும் ஒரு வயரால் இணையுங்கள். 8-க்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம். 6-லிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட், பட்டை போட்ட கால் மைனஸ் பக்கம். 5-லிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட். 3-ம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்இடியின் நீளக் காலுக்கு, குட்டைக் கால் மைனஸுக்கு.

பேட்டரியை மாட்டும் முன் ப்ளஸ், மைனஸ் வரிசைகளுக்குக் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரடும் ஒரு 0.1-ம் ஐசிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பழைய வகை 555 நிலை மாறும் ஒவ்வொரு தரமும் ஒரு நொடிப்பொழுதுக்கு நிறைய மின்சாரத்தை இழுக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த இழுப்பு ஒலியில் கரகரப்பாக வந்து உட்காரும்.

மாட்டினால் எல்இடி நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மின்னும். 1440 ÷ (137 × 10) = 1.05. மின்னாமல் ஐசி சுட்டால் பேட்டரியை உடனே கழற்றுங்கள், எங்கோ ஓர் இணைப்பு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: ஒலிக்கு மாறுவது

பேட்டரியைக் கழற்றிவிட்டு 10 மைக்ரோஃபாரடை எடுத்து, அந்த இடத்தில் 0.1 ஃபிலிம் கபாசிட்டரைப் போடுங்கள். நூறில் ஒரு பங்கு கபாசிட்டர் என்றால் நூறு மடங்கு வேகம், அதாவது சுமார் 105 ஹெர்ட்ஸ். எல்இடி இப்போது விடாமல் எரிவது மாதிரித் தெரியும்.

3-ம் காலிலிருந்து இரண்டாவது 100 மைக்ரோஃபாரடின் ப்ளஸ், அதன் மைனஸிலிருந்து 100 ஓம், அங்கிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு. கபாசிட்டர் இல்லாமல் நேரே கொடுத்தாலும் ஒலி வரும், ஆனால் வாசிக்காத நேரத்திலும் ஸ்பீக்கர் சுருள் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 100 ஓமைத் தவிர்த்தால் சத்தம் கூடும், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். இப்போது இருக்கிற அமைப்பில் மொத்த இழுப்பு 20 முதல் 30 மில்லியாம்பியர் வரை வரும்.

ஒரு 'டர்ர்' சத்தம் கேட்கும். ஸ்பீக்கர் வெறுமனே மேசையில் கிடந்தால் சத்தம் மெலிந்து இருக்கும். கூம்பின் முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் எதிரெதிர், ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை அதன் மேல் அழுத்திப் பிடியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

படி 3: கையால் ஒளியை மறைத்து விளையாட

68 கிலோ ஓமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்டிஆரையும் 1 கிலோ ஓமையும் தொடராகப் போடுங்கள். எல்இடிக்குப் போட்டிருந்த 1 கிலோ ஓமையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம், எல்இடிக்கு இனி வேலையில்லை. எல்டிஆரில் இருப்பது காட்மியம் சல்ஃபைடு, ஒளி பட்டால் மின்தடை குறையும். அறை வெளிச்சத்தில் 10 கிலோ ஓம் இருந்தால் சுமார் 626 ஹெர்ட்ஸ். கையால் மறைத்து 100 கிலோ ஓமுக்குப் போனால் 71. நல்ல இருட்டில் 1 மெகா ஓம் என்றால் 7 ஹெர்ட்ஸ், அது ஒலியாகக் கேட்காது, தனித்தனி டிக் டிக் சத்தமாகப் பிரிந்துவிடும். ஒலி எந்த இடத்தில் தாளமாக உடைகிறது என்பதைக் கையை மெல்ல மெல்ல இறக்கிக் கேளுங்கள். இந்தப் படியில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இதைத் தெர்மின் என்று சிலர் சொல்வார்கள். லெவ் தெர்மின் 1920 வாக்கில் செய்த அசல் வாத்தியத்தில் ஒளிக்கு வேலையில்லை. உடல் அருகே வருவதால் மாறும் கபாசிட்டன்ஸை அது பயன்படுத்துகிறது, இரண்டு உயர் அதிர்வெண்களின் வித்தியாசம்தான் காதுக்கு வருகிறது. நம்முடையது அதற்குத் தூரத்துச் சொந்தம்.

விளையாட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இதில் பாட்டு வாசிக்க முடியாது. ஒரு மேகம் ஜன்னலைக் கடந்தால் சுருதி போய்விடும். எல்டிஆரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படி 5-ல் திரும்ப வேண்டும். அதை உடைக்கவோ எரிக்கவோ கூடாது, காட்மியம் உடம்புக்கு ஆகாது.

படி 4: ஆறு பட்டன், மோகனம்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

சுரம் என்பது அதிர்வெண் விகிதம். ஸட்ஜத்தை 1 என்று வைத்தால் மோகனத்தில் ரி 9/8, க 5/4, ப 3/2, த 5/3, மேல் ஸ 2. நம் கணக்கில் அதிர்வெண், (மேல் + 2 × கீழ்) என்ற கூட்டுத்தொகைக்குத் தலைகீழாக மாறுகிறது. ஆகவே சுரம் ஏற ஏற அந்தத் தொகை அதே விகிதத்தில் குறைய வேண்டும். ஸட்ஜத்துக்கு 54 கிலோ ஓம் என்று எடுத்தால்:

ஸ: 54. மேல் 1 போக 53, அதில் பாதி 26.5. ஆகக் கீழ் ரெசிஸ்டர் 26.5.
ரி: 54 × 8/9 = 48. கீழ் 23.5.
க: 54 × 4/5 = 43.2. கீழ் 21.1.
ப: 54 × 2/3 = 36. கீழ் 17.5.
த: 54 × 3/5 = 32.4. கீழ் 15.7.
மேல் ஸ: 27. கீழ் 13.

அடுத்தடுத்த சுரங்களின் வித்தியாசத்தை மேல் ஸவிலிருந்து கீழ் ஸ வரை எடுங்கள்: 13, பிறகு 2.7, 1.8, 3.6, 2.4, 3. ஆறும் கடையில் கிடைக்கும் 24 மதிப்பு வரிசையிலேயே இருக்கின்றன. 54 என்று ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். 50 என்றோ 60 என்றோ ஆரம்பித்திருந்தால் 1.667, 2.778 என்று கிடைக்காத எண்களாக வந்து நிற்கும்.

இனி இணைப்பு. 7-ம் காலிலிருந்து 13 கிலோ ஓம். அதன் மறுமுனையில் 2.7. அதன் முனையில் 1.8. அப்படியே 3.6, 2.4, 3 என்று ஒரு சங்கிலி. ஒவ்வொரு ரெசிஸ்டரும் முடியும் இடத்தில் ஒரு பட்டனின் ஒரு பக்கம். எல்லாப் பட்டன்களின் மறுபக்கமும் ஒன்றாகச் சேர்ந்து 2-ம் காலும் 6-ம் காலும் சேரும் இடத்துக்கு. 13 முடியும் இடத்துப் பட்டன் மேல் ஸ. கடைசியில் 3 முடியும் இடத்துப் பட்டன் கீழ் ஸ.

நாலு கால் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளே ஏற்கெனவே இணைந்திருக்கும். தவறான ஜோடியைப் பிடித்தால் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகிவிடும். குறுக்கு மூலைகளில் இருக்கும் இரண்டு கால்களைப் பிடித்தால் இந்தத் தொல்லையே வராது.

எந்தப் பட்டனும் அழுத்தாதபோது கபாசிட்டருக்கு நிரம்ப வழியில்லை, ஆகவே அமைதி. இரண்டை ஒன்றாக அழுத்தினால் நடுவில் உள்ள ரெசிஸ்டர்கள் ஷார்ட் ஆகி, மேல் சுரம் மட்டும் பேசும். இதை வாசிப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம். இடது கை விரலால் கீழ் ஸவை அழுத்தியபடியே வலது கையால் மற்றவற்றைத் தட்டினால், ஒவ்வொரு சுரமும் விட்டதும் தானாக ஸட்ஜத்துக்குத் திரும்பும். இடைவெளி விழாது.

கணக்குப்படி ஸட்ஜம் 1440 ÷ (54 × 0.1) = 266.7 ஹெர்ட்ஸ், ஒரு கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே. உங்கள் பெட்டியில் அது 250 ஆகவும் இருக்கலாம், 280 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் கபாசிட்டர்கள் 5, 10 சதவீதம் இப்படி அப்படி வருவது சாதாரணம். பயப்பட வேண்டாம். கபாசிட்டர் எல்லாச் சுரத்துக்கும் பொது. அது பிசகினால் மொத்தச் சுருதியும் சேர்ந்து நகரும், ராகம் குலையாது. சுரங்களின் இடைவெளியைக் காப்பது ரெசிஸ்டர்கள், அதனால்தான் அவற்றில் மட்டும் 1 சதவீதம் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

ஒரு பாட்டுக்குச் சேர்ந்து வாசிக்கச் சுருதியை மாற்ற வேண்டியிருந்தால், கை தானாகச் சங்கிலியில் ஒரு பிரீசெட்டைச் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) சேர்க்கப் போகும். சேர்க்காதீர்கள். எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு ஓம் கூடினால் விகிதம் கெட்டு, மேல் ஸவும் கீழ் ஸவும் இரட்டிப்பில் நிற்காமல் போகும். 1 கிலோ ஓமை 2.2 ஆக்குவதிலும் இதே சிக்கல், அளவு கொஞ்சம் குறைவு. சுருதியைத் தொட வேண்டுமென்றால் கபாசிட்டரைத் தொடுங்கள். 0.1-க்குப் பக்கவாட்டில் 0.0022 மைக்ரோஃபாரட் (222) சேர்த்தால் 266.7 என்பது 261-க்கு இறங்கும். 0.01 சேர்த்தால் 242. கைபேசியில் ஒரு டியூனர் ஆப்பை வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கபாசிட்டர்களை மாற்றிக் குத்திப் பாருங்கள். ராகத்தின் மேல் கை படாமலே சுருதி மாறும்.

படி 5: நிழலால் அசைவு

இதுவரை வரும் சுரங்கள் ஹார்மோனியம் மாதிரி நேராக நிற்கும். அசைவு வேண்டுமானால் 5-ம் கால் இருக்கிறது. உள்ளே இருக்கும் அந்த மூன்று ரெசிஸ்டர் சங்கிலியின் மூன்றில் இரண்டு பங்கு முனைதான் அங்கே வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் மேல் எல்லை இறங்கும், கபாசிட்டர் சீக்கிரம் எல்லையைத் தொடும், சுரம் ஏறும்.

5-ம் காலிலிருந்து மைனஸுக்கு எல்டிஆரையும் 10 கிலோ ஓமையும் தொடராகப் போடுங்கள். 0.01 கபாசிட்டர் அங்கேயே இருக்கட்டும். எல்டிஆரைக் கையால் முழுதும் மூடினால் சுரம் பழைய இடத்திலேயே நிற்கும். கையை எடுத்துப் பளிச்சென்ற வெளிச்சம் பட விட்டால் நாலில் ஒரு பங்கு வரை ஏறும், அதாவது கிட்டத்தட்ட ஸவிலிருந்து கவுக்கு. வலது கை பட்டனில், இடது கை எல்டிஆர் மேல். விரல்களை லேசாக ஆட்டினால் சுரம் நடுங்கும் கம்பிதம், மெதுவாக விலக்கினால் சுரம் வழுக்கி ஏறும் ஜாரு. எல்லாச் சுரமும் சேர்ந்தே நகர்வதால் ராகத்தின் அமைப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

வீட்டு மின்சாரத்தில் எரியும் சில விளக்குகளின் கீழ் வாசித்தால் சுரத்தில் ஒரு நுண்ணிய நடுக்கம் கேட்கும். விளக்கு நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிப்பது எல்டிஆர் வழியாக உள்ளே வருகிறது. பகல் வெளிச்சத்தில் அது இருக்காது.

படி 6: சால்டரிங்

பிரெட்போர்டில் நாலு நாள் வாசித்து, எந்தப் பட்டன் எங்கே இருந்தால் விரலுக்கு வசதி என்று பார்த்த பிறகு துளைப் பலகைக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் பட்டன் இடைவெளி விரலுக்குப் பொருந்தாது.

ஐசியை நேராகச் சால்டர் செய்யாமல் 8 கால் சாக்கெட் வையுங்கள். உயரம் குறைந்தவை முதலில்: ஜம்பர், ரெசிஸ்டர், சாக்கெட், பிறகு பட்டன், கபாசிட்டர், கடைசியில் வெளியே போகும் வயர்கள். அயர்ன் 350 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கட்டும். முனையைப் பலகையின் செம்பிலும் பாகத்தின் காலிலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நொடி வைத்து, ஈயக்கம்பியை மறுபக்கத்திலிருந்து சூடான இணைப்பில் தொடுங்கள். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து வந்து அப்பினால் பிடிக்காது, நாலு நாளில் விரிசல் விடும். நல்ல இணைப்பு காலைச் சுற்றிச் சரிவாக ஏறியிருக்கும், உருண்டையாக உட்கார்ந்திருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். ஃப்ளக்ஸ் புகையைச் சுவாசிக்காதபடி ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் கலந்த சால்டர் என்றால் கட்டாயம்.

பெட்டி எதுவானாலும் பரவாயில்லை. மெல்லிய மரப்பலகை ஒலிக்கு நல்லது. ஸ்பீக்கர் ஓட்டையைச் சுற்றி இடுக்கு இல்லாமல் ஒட்டுங்கள். எல்டிஆரைப் பெட்டியின் மேல் முகத்தில், பட்டன் வரிசைக்கு இடப்பக்கம் வையுங்கள்.

ஒலி வராவிட்டால்

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, பாலியஸ்டர் கபாசிட்டரோடு, ஒரு பட்டனை அழுத்தியபடி அளந்து போங்கள். 8-ம் காலிலும் 4-ம் காலிலும் பேட்டரி முழு அளவு வர வேண்டும். எல்டிஆரை மூடிவிட்டு 5-ம் காலைப் பார்த்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, புது பேட்டரிக்கு 6 வோல்ட் வாக்கில். இந்த ஒன்று சரியாக வந்தாலே ஐசி உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். 6-ம் காலில் 4.5 வோல்ட் பக்கம், 3-ம் காலில் 4 வோல்ட் பக்கம் என்று சராசரி காட்டினால் சர்க்யூட் ஓடுகிறது, கோளாறு ஸ்பீக்கர் பக்கம்தான். 6-ம் கால் பேட்டரி அளவுக்கே ஏறி நின்றால் 7-ம் கால் வடிக்கவில்லை. 0 காட்டினால் கபாசிட்டர் ஷார்ட், அல்லது சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது.

ஒரு பட்டனுக்குக் கீழே உள்ள எல்லாச் சுரமும் ஊமை, மேலே உள்ளவை மட்டும் பேசுகின்றன என்றால், பேசும் கடைசிப் பட்டனுக்கு அடுத்த ரெசிஸ்டரின் இணைப்பைப் பாருங்கள். ஒரு சுரமும் அதற்குக் கீழே உள்ளவை எல்லாமும் சற்று அபசுரமாக இருந்தால், அந்தச் சுரத்துக்கு முந்தைய ரெசிஸ்டர் மதிப்பு தவறு. சங்கிலி அமைப்பின் வசதி இது, குறை எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மேற்கொண்டு செய்ய

மத்யமாவதி வேண்டுமானால் 13-ம் கடைசி 3-ம் அப்படியே இருக்க, நடுவில் 1.69, 2.81, 2.25, 3.75 என்று மாற்றினால் போதும். மேல் ஸ, நி, ப, ம, ரி, ஸ என்று வரும். இந்த மதிப்புகளை இரண்டு ரெசிஸ்டர் சேர்த்தோ 5 கிலோ ஓம் பிரீசெட் வைத்து மீட்டரில் பார்த்தோ எடுங்கள். மற்ற ராகங்களுக்கும் அதே வழிதான்: 54-ஐ விகிதத்தால் வகுங்கள், 1-ஐக் கழியுங்கள், பாதியாக்குங்கள். ஏழு சுரமும் வரும் முழு மேளகர்த்தா ராகத்துக்கு எட்டுப் பட்டன் ஆகும்.

சுருதி ஒலி தனியாக வேண்டுமென்றால் இன்னொரு 555 வைக்கலாம், இரண்டும் ஒரே உடம்பில் வரும் 556-ம் இருக்கிறது. இரண்டாவதற்கு மேல் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், கீழே 22 கிலோ ஓமும் 10 கிலோ ஓம் பிரீசெட்டும், தனி 0.1 கபாசிட்டர், அதன் 3-ம் காலுக்கும் தனியாக 100 மைக்ரோஃபாரடும் 100 ஓமும், பிறகு அதே ஸ்பீக்கர். இங்கே மட்டும் கபாசிட்டர் பிசகு வேலை கொடுக்கும், ஏனென்றால் இரண்டு கபாசிட்டரும் ஒரே மாதிரி இருக்காது. எல்டிஆரை மூடி, கீழ் ஸ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரீசெட்டைத் திருப்புங்கள். இரண்டு ஒலியும் நெருங்கும்போது 'வா வா வா' என்று ஓர் ஏற்ற இறக்கம் கேட்கும். நொடிக்கு ஒன்று என்றால் வித்தியாசம் 1 ஹெர்ட்ஸ். அது நின்றால் சேர்ந்துவிட்டது. சேரும் முன்பே திடீரென்று ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் இரண்டு ஐசியும் பேட்டரி வயர் வழியாக ஒன்றையொன்று இழுத்துப் பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஐசியின் 8-க்கும் 1-க்கும் பக்கத்திலேயே தனித்தனியாக ஒரு 0.1-ம் ஒரு 100 மைக்ரோஃபாரடும் போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.